சீரியல் லைட் மாட்ட ஆணி வேண்டாம்

கிறிஸ்துமஸுக்கு வாசலில் சீரியல் லைட் மாட்ட, ஆணிக்குப் பதில் ஒட்டும் கிளிப் வாங்குங்கள். ஒட்டும் இடத்தை மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்ததும் கிளிப்பை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வயரை மாட்ட வேண்டும்.

தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போனால்தான் பசை பிடிக்கும். இறுக அதற்கு நேரமும் வேண்டும். ஆணியை வளைத்து அடித்தால் வயரின் மேலுறை கிழியும், மார்கழிப் பனி ஈரத்தில் அது பெரிய ஆபத்து. முழத்துக்கு ஒரு கிளிப் இருந்தால் வயர் தொய்யாது.

சுண்ணாம்பு அடித்த சுவரில் இது நிற்காது. விரலால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளையாக ஒட்டினால் கிளிப்பை விட்டுவிட்டு, கிரில் கம்பியில் கேபிள் டை (வயரைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) போடுவதே சரி. கறுப்பு டையாக வாங்குங்கள். வெள்ளையைவிட வெயிலை நன்றாகத் தாங்கும்.