கத்திரி வெயிலில் கார் பிரிட்ஜுக்கு ஒரு சட்டை

வேலூர் மே மாத வெயிலில், நிறுத்திய காருக்குள் இருந்த 12 வோல்ட் பிரிட்ஜ் ஓய்வே இல்லாமல் ஓடியது. பேட்டரி எத்தனை நேரம்தான் தாங்கும்? தொட்டுப் பார்த்தால் மூடியின் வெளிப்பக்கம் சில்லென்று இருந்தது. சரி, குளிர் போகிற வழி தெரிந்துவிட்டது.

தகரக் கூரைக்கு அடியில் போடும் வெள்ளி நிற பபுள் ஷீட் ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. அதையும் பழைய யோகா மேட்டையும் வெட்டிச் சேர்த்து, வெள்ளிப் பக்கம் வெளியே தெரியும்படி உறை செய்தேன். மூடிக்கு இரண்டு அடுக்கு, பக்கங்களுக்கு ஓர் அடுக்கு. ஓரங்களுக்கு அலுமினியம் டேப், கழற்ற வசதியாக வெல்க்ரோ. கார் தரையும் கொதிக்கும் என்பதால் அடியிலும் ஒரு துண்டு மேட்.

காற்றுத் துளைகள் உள்ள பக்கத்தை மட்டும் தொடவே இல்லை. அதை அடைத்தால் கம்ப்ரசரின் சூடு வெளியேறாது, கரண்ட் இன்னும் அதிகமாக இழுக்கும். எத்தனை பேர் மொத்தமாகப் போர்த்திவிடுகிறார்கள்!

இப்போது கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுகிறது. வீட்டு பிரிட்ஜில் குளிர்ந்த பாட்டில்களையே உள்ளே அடுக்குவதும் பெரிய உதவி. உறைக்கு அடியில் ஈரம் கோக்கும். அவ்வப்போது கழற்றி வெயிலில் போட்டால் போதும், வெயிலுக்கா இங்கே பஞ்சம்!