உங்கள் ஊருக்கு ஒரு புயல் நோட்டு: எழுதுவது எப்படி

வேதாரண்யம் பக்கம் தென்னையும் கொஞ்சம் மல்லிகையும் வைத்துப் பிழைக்கிறவள் நான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது எந்த வீட்டில் ஒதுங்கினால் பத்திரம், எந்த ரோடு முதலில் மூழ்கும், காற்று ஓய்ந்தால் வெளியே போகலாமா என்று எங்கள் ஊரில் யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. 1977 புயலைக் கண்ணால் பார்த்தவர்கள் அடுத்த தெருவிலேயே இருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் நோட்டுப் போட்டேன். நீங்களும் உங்கள் ஊருக்கு ஒன்று போடுங்கள்.

பெரியவர்களிடமிருந்து தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் வருஷத்தைக் கேட்காதீர்கள். வங்கக் கடல் புயல்களுக்குப் பெயர் வைக்கும் பழக்கமே 2004-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய புயல் எல்லாம் அவர்களுக்கு "மூத்தவன் கைப்பிள்ளையா இருந்தப்ப அடிச்சது"தான். அதனால், வயலில் அப்போது என்ன நின்றது, பிள்ளை தவழ்ந்ததா நடந்ததா, வீட்டில் யார் கல்யாணம் அதற்கு முன்னே நடந்தது என்று கேளுங்கள். வருஷத்தை நீங்கள் பிறகு கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து கேட்க வேண்டியது காற்றின் திசை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் 1977 பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"எந்தக் காத்து பெரியம்மா கூரையத் தூக்குச்சு?"

"மொதல்ல வாடைதான். ராத்திரி முச்சூடும் வாடை. அப்புறம் மேல்காத்தா திரும்புச்சு பாரு, அதுலதான் மேலண்டத் தாவாரம் பிச்சிக்கிட்டுப் போச்சு. நாங்க கீழண்டப் போர் மறைவுல ஒண்டிக்கிட்டுக் கெடந்தோம்."

இந்தப் பேச்சில் புயலின் பாதையே இருக்கிறது. நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். கிழக்கிலிருந்து வரும் புயலின் மையம் ஊருக்கு வடக்கே கடந்தால், காற்று வாடையாக, அதாவது வடக்கிலிருந்து, தொடங்கி மேற்கிலிருந்து வரும் மேல்காற்றாகத் திரும்பித் தென்காற்றாக முடியும். மையம் தெற்கே கடந்தால் வாடை கிழக்கிலிருந்து வரும் கீழ்காற்றாகத் திரும்பும், கடல் ஊருக்குள் ஏறுகிற ஆபத்தும் அப்போதுதான் அதிகம். நேராக ஊர்மேல் வந்தால் வாடை அடித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று ஓய்ந்துவிடும், பிறகு தெற்கிலிருந்து முழு வேகத்தில் அடிக்கும். 1977 நவம்பர் 12 புயல் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரை கடந்ததாகப் பதிவு. எங்களுக்கு அது வடக்கு. பெரியம்மா சொன்ன மேல்காற்று அப்படியே பொருந்துகிறது.

கஜாவில் எங்களுக்கு அந்த ஓய்வு வந்தது. டார்ச் எடுத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கக் கொட்டகைக்கு ஓடியவர்கள் திரும்பி வருவதற்குள் தென்காற்று பிடித்துக்கொண்டது. அதனால் என் நோட்டின் முதல் பக்கத்தில், மையம் மேலே வந்து ஓய்ந்தால் யாரும் வெளியே போகக்கூடாது என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். உங்கள் நோட்டிலும் எழுதுங்கள்.

சரி, கதைகளைச் சேர்த்த பிறகு தேதிகளோடு ஒப்பிடுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையிடம் 1891 முதலான புயல் பாதைகள் இருக்கின்றன. எங்கள் கரையைப் பொறுத்தவரை 1952 நவம்பர் 30-இல் நாகப்பட்டினம் அருகே ஒன்று, 1955 டிசம்பர் 1-இல் ராஜாமடம் அருகே ஒன்று, பிறகு 1977, 2008 நவம்பர் கடைசி வாரத்தில் காரைக்கால் அருகே கடந்த நிஷா, அப்புறம் கஜா. 1952-ஐயும் 1955-ஐயும் பெரியவர்கள் கலந்து சொல்வார்கள், தேதியும் அப்படி ஒட்டி வருகிறது. கடல் ஏறியதா, காற்று எப்பக்கம் திரும்பியது என்று கேட்டால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். இந்த ஐந்தையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோது, எல்லாமே ஐப்பசிக் கடைசிக்கும் கார்த்திகை நடுவுக்கும் இடையில் விழுவது தெரிந்தது. எங்கள் வீட்டில் ஓடு மாற்றுவது, வீட்டை ஒட்டிய மரத்தில் கிளை கழிப்பது எல்லாம் இப்போது புரட்டாசியிலேயே முடிந்துவிடும். உங்கள் ஊர்த் தேதிகள் வேறு மாதத்தைக் காட்டலாம், எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

தண்ணீர் ஏறிய உயரத்தை "இடுப்பளவு", "முழங்கால் அளவு" என்று மட்டும் எழுதி விடாதீர்கள். யார் இடுப்பு? சுவரில் கறை இருந்தால் அதன்மேல் பெயின்ட்டால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கறை இல்லாத வீட்டுக்கு அந்த மட்டத்தைக் கொண்டுபோக கொத்தனாரின் டியூப் லெவல் போதும். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கோட்டருகேயும் மறு முனையைப் பக்கத்துச் சுவரிலும் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டம் காட்டும். இப்படியே தெருத் தெருவாகப் போனால் பள்ளிக்கூடத் திண்ணை உயரமா, கோயில் மண்டபம் உயரமா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நின்றது மழைத் தண்ணீரா கடல் தண்ணீரா என்பதையும், கிணறு எத்தனை மாதம் உப்பாக இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடலோர ஊராக இருந்தால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குத் தனிப் பக்கம் வேண்டும். அன்றைக்குக் காற்றும் இல்லை, மழையும் இல்லை, புயலுக்கான எந்த அடையாளமும் அதற்கு உதவாது.

தென்னையில் வேரோடு சாய்ந்தது எது, நடுவில் முறிந்தது எது, எந்த மண்ணில் நின்றது என்று குறித்தால் போதும். புயல் அறிவிப்பு வந்ததும் முற்றிய குலையையும் பழைய மட்டையையும் இறக்கினால் கொண்டையின் பாரம் குறையும். இறக்கிய மரம், இறக்காத மரம் என்று தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மழையை அளக்க விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள டப்பாவை மரமும் கூரையும் இல்லாத வெட்டவெளியில் வைத்து, காலை எட்டரைக்கு ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளந்து கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையின் தினக் கணக்கும் எட்டரை மணிக்குத்தான், ஒப்பிடச் சுலபம்.

நோட்டை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். மூழ்கும் ரோடுகள், உயரமான கட்டடங்கள், அடைபட்ட வடிகால்கள் மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி அக்டோபர் 2 கிராம சபையில் கொடுங்கள். மழைக்கு முன்னால் வரும் சபை அது, கோடு போட்ட சுவரின் போட்டோவும் கூட இருந்தால் வாய்க்கால் தூர்வாரக் கேட்பதற்கு வலு உண்டு. ஒரு ஜெராக்ஸ் பள்ளிக்கூடத்திலும் ஒன்று ரேஷன் கடையிலும் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐ எல்லாப் பிரதியிலும் எழுதிவிடுங்கள். மூல நோட்டைப் பென்சிலால் எழுதி, பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் வையுங்கள். பேனா மை நனைந்தால் கரைந்துவிடும்.