மிடில்மார்ச்: பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நின்றுபோனவர்களுக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவலை வாங்கிய பலரை எனக்குத் தெரியும். முடித்தவர்கள் சிலர்தான். அந்தச் சிலரிலும் ஒரு பாதி, வாழ்க்கையில் படித்த மிகப் பெரிய புத்தகம் அதுவே என்பார்கள். மறு பாதி, “முடிச்சுட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் இருமுறை பாதியில் விட்டவன். ‘பாதி’ என்பதுகூடப் பெருமைக்குச் சொல்வதுதான். மொத்தம் 86 அத்தியாயங்கள், அதற்கு மேல் ஒரு முடிவுரை. இரண்டு முறையும் என் புத்தகக்குறி நின்ற இடம் பன்னிரண்டு.

மூன்றாம் முறை முடித்தேன். ஆங்கிலம் இடையில் அப்படியொன்றும் வளர்ந்துவிடவில்லை. படிக்கிற விதத்தில் செய்துகொண்டிருந்த சில தவறுகளை விட்டேன், அவ்வளவுதான்.

முதல் தவறு, பேராசிரியர் எழுதிய முன்னுரையிலிருந்து தொடங்குவது. செவ்வியல் நாவல்களின் மலிவுப் பதிப்புகளில் முப்பது நாற்பது பக்கத்துக்கு ஒரு முன்னுரை இருக்கும். யார் சாகிறார்கள், யார் யாரை மணக்கிறார்கள், எந்தத் திருமணம் எப்படிப் போகிறது என்று எல்லாவற்றையும் அது போட்டு உடைத்துவிடும். எழுதியவர் மேல் குற்றமில்லை, நாவலைப் படித்தவர்களுக்காக எழுதியது அது. நமக்குத்தான் பரீட்சைப் பழக்கம், முதல் பக்கத்திலிருந்தே வரிசையாகப் படிப்போம். அதைக் கடைசியில் படியுங்கள். அதையடுத்து எலியட்டே எழுதிய ஒரு சிறு முகப்பு வரும். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டுப் புனித தெரசாவைப் பற்றிய ஒன்றரைப் பக்கம். முதல் வாசிப்பில் அது தலைகால் புரியாது. புரியாமலே தாண்டிவிடலாம்.

அடுத்தது கொஞ்சம் நுட்பமான தவறு. விக்டோரியா காலத்து நாவல் என்றதும் நாம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். போதாக்குறைக்கு ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1919இல், வளர்ந்தவர்களுக்காக எழுதப்பட்ட சில ஆங்கில நாவல்களில் ஒன்று என்று வேறு சொல்லி வைத்துவிட்டார். இதனால் எலியட் கிண்டல் செய்கிறார் என்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது.

முதல் அத்தியாயத்தையே பாருங்கள். டொரோதியாவும் தங்கை சீலியாவும் இறந்துபோன அம்மாவின் நகைகளைப் பங்கு போடுகிறார்கள். டொரோதியாவுக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லை. பக்தி, எளிமை, தொண்டு என்று பெரிய பெரிய எண்ணங்கள். “எல்லாம் நீயே வைத்துக்கொள்” என்கிறாள். அந்த நேரம் பார்த்து வெயில் ஒரு மரகத மோதிரத்தின் மேல் விழுகிறது. மோதிரத்தையும் அதற்கு இணையான காப்பையும் எடுத்துக்கொள்கிறாள். கூடவே, வேதாகமத்தில் இரத்தினங்கள் ஆன்மிக அடையாளமாக வருகின்றன என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறாள். “நாலு பேர் நடுவே போட்டுக்கொள்வாயா?” என்று சீலியா வெகுளியாகக் கேட்க, அக்காவுக்குச் சுருக்கென்று கோபம். ஆசையை ஆன்மிகமாக மாற்றிக்கொள்ளும் மனுஷியைத் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். நம் வீடுகளில் பீரோவைத் திறக்கும்போது நடக்காததா? இதை நான் முதல் தடவை மதப் பின்னணி கொண்ட கனமான காட்சி என்று நினைத்துப் பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறேன். எலியட்டின் வாக்கியங்கள் நீளம்தான், ஆனால் பல வாக்கியங்களின் வாலில் ஒரு குறும்பு இருக்கும். வால் வரை போகாமல் மூச்சு வாங்கி நின்றுவிட்டால் கிடைக்காது. டொரோதியா கல்யாணம் செய்துகொள்ளப்போகும் கசோபன், நாற்பத்தைந்தைத் தாண்டிய, புத்தகப்புழுவான பாதிரியார். அவர் இரத்தத்தில் ஒரு சொட்டை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகத்தான் இருந்ததாம் என்று பக்கத்து ஊர்ப் பாதிரியின் மனைவி சொல்கிறாள். இதைப் படித்துச் சிரிக்காதவர் எங்கோ தவறான தோரணையில் உட்கார்ந்திருக்கிறார்.

இனி என் புத்தகக்குறி நின்ற இடத்துக்கு வருகிறேன். முதல் பத்து அத்தியாயங்கள் டொரோதியாவின் கதை. பதினொன்றில் திடீரென்று லிட்கேட் என்ற இளம் மருத்துவர், வின்சி என்ற வியாபாரக் குடும்பம், அவர்கள் வீட்டுக் காலைச் சாப்பாடு. பன்னிரண்டில் சாகக் கிடக்கும் கருமிக் கிழவர் ஒருவர், அவர் சொத்தின் மேல் கண் வைத்திருக்கும் உறவினர். டொரோதியா எங்கே? ஆளையே காணோம். அடுத்த பக்கத்தில் வருவாள், அதற்கடுத்ததில் வருவாள் என்று காத்திருந்து, சலித்து, மூடி வைத்தேன். விட்டவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் இந்த வட்டாரத்தில்தான் விட்டிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. எலியட் 1869இல் தொடங்கியது ஒரு சிற்றூரைப் பற்றிய, லிட்கேட்டும் வின்சிகளும் உள்ள நாவல். அது நகரவில்லை. 1870இன் இறுதியில் ‘மிஸ் புரூக்’ என்று டொரோதியாவைப் பற்றித் தனிக் கதை ஒன்று எழுத ஆரம்பித்தார். 1871இல் இரண்டையும் ஒன்றாக இணைத்தார். நாம் இடறுவது அந்த ஒட்டுத் தையலில். ஆனால் தையல் தெரிகிறது என்பதால் அதைக் குறை என்று எண்ணுவதுதான் பெரிய தவறு. இது டொரோதியாவின் கதை என்று நாமாக முடிவு செய்துகொண்டோம். புத்தகத்தின் பெயரோ ஊரின் பெயர்.

அந்தப் பழக்கத்தை எலியட் வேண்டுமென்றே பிடித்து உலுக்குகிறார். 29ஆம் அத்தியாயத்தின் முதல் வாக்கியம் டொரோதியாவில் ஆரம்பித்துச் சட்டென்று அறுகிறது. ஏன் எப்போதும் டொரோதியா, இந்தத் திருமணத்தைப் பார்க்க அவள் பார்வை ஒன்றுதானா உண்டு என்று கதைசொல்லியே கேட்கிறார். பிறகு, அதுவரை நாம் சிரித்த, வெறுத்த கசோபனுக்குள் நம்மைக் கூட்டிப்போகிறார். வாழ்நாள் முழுக்க ஒரே ஆராய்ச்சி நூலுக்குக் குறிப்பெடுத்து, அது எழுதி முடியாதோ என்று உள்ளுக்குள் நடுங்கும் மனிதர் அவர். அவரை வில்லன் கணக்கில் எழுதிவிட்டு வேகமாகத் தாண்டினால் நாவலின் பாதியை இழந்த மாதிரிதான். முடித்தவர்களில் சிலர் முகம் கொடுத்துப் பேசாததற்கு இது காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். பிடித்த ஆள் வரும் பக்கங்களை மட்டும் ஊன்றிப் படித்து, மற்றதை ஓட்டியிருப்பார்கள்.

உறவு முறையில் குழம்புவது இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் எல்லோரும் ‘அங்கிள்’. அதை வைத்து யார் யாருக்கு என்ன வேண்டும் என்று பிடிபடாது. ஒரு தாளில் தமிழ் உறவுமுறையில் எழுதிப் பாருங்கள், பளிச்சென்று விளங்கும். அந்தக் கருமிக் கிழவர் ஃபெதர்ஸ்டோன் இரண்டு முறை மணந்தவர். முதல் மனைவி கார்த் என்பவரின் சகோதரி, இரண்டாவது மனைவி வின்சி அம்மாளின் சகோதரி. ஆகவே கார்த்தின் மகள் மேரிக்கு அவர் அத்தை வீட்டுக்காரர், அதாவது மாமா. வின்சி வீட்டு மகன் பிரெட்டுக்கோ பெரியப்பா முறை. ஊர் வங்கிக்காரர் பல்ஸ்ட்ரோட் பிரெட்டின் அத்தையைக் கட்டியவர், அவரும் மாமா. கசோபனிடம் உதவி பெற்று வளர்ந்த லாடிஸ்லா என்ற இளைஞன், கசோபனின் அம்மாவுடன் பிறந்தவளின் பேரன். இந்த ஒரு தாள் எனக்கு அகராதியைவிட உதவியது.

அகராதி என்றதும் ஞாபகம் வருகிறது. வரிக்கு வரி பொருள் தேடாதீர்கள். அத்தியாயத் தலைப்பில் வரும் மேற்கோள்களைப் பற்றிக் கவலையே வேண்டாம், அவற்றில் பல எலியட் தானே எழுதிச் சேர்த்தவை. பின்னணியில் இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். கதை நடப்பது 1829 முதல் 1832 வரை, வாக்குரிமையை விரிவாக்கும் சீர்திருத்தச் சட்டத்துக்காக இங்கிலாந்து கொதித்துக்கொண்டிருந்த காலம். அடுத்தது, அக்காலத்து ஊர் மருத்துவர்களுக்கு வருமானம் பெரிதும் மருந்து விற்பதில் இருந்தது. லிட்கேட், நான் மருந்து எழுதித் தருவேன், விற்கமாட்டேன், மருந்துக்கடையில் கமிஷனும் வாங்கமாட்டேன் என்கிறார். சக வைத்தியர்கள் ஏன் அப்படிப் பற்றியெரிகிறார்கள் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பதும் வேண்டாம். நாவல் முதலில் எட்டுப் பகுதிகளாகத்தான் வந்தது. 1871 டிசம்பரில் முதல் பகுதி, எட்டாம் பகுதி 1872 டிசம்பரில். ஒவ்வொன்றும் ஐந்து ஷில்லிங். பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஒன்று. நம் ஊரில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்குக் காத்திருந்த தலைமுறைக்கு இந்தச் சுகம் தெரியும். ஒரு பகுதி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வேறெதையாவது செய்ய வேண்டும், ஆட்கள் மனதுக்குள் ஊற வேண்டும். நான் எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன்.

வயதும் ஒரு விஷயம். கல்லூரிப் பாடமாகப் படித்தவர்கள் லிட்கேட்டின் கடன் அத்தியாயங்களை அலுப்பு என்பார்கள். தட்டுமுட்டுச் சாமான் பாக்கி, வீட்டு வாடகை, கணவன் மனைவி இருவரும் தொகையை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவது. மாதத் தவணை கட்டிய பிறகு படித்துப் பாருங்கள். எனக்குக் கை வேர்த்தது.

இத்தனைக்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம். ஆனால் பன்னிரண்டில் விடாதீர்கள், அந்த 29ஐத் தாண்டிவிட்டு விடுங்கள். என் தோழி ஒருத்தி முப்பதில் நிறுத்தினாள். “அந்தக் கிழவன் மேல நான் ஏன் இரக்கப்படணும்? முடியாது” என்றாள். நாங்கள் இன்னும் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.