பல்கலாசாரக் கல்வியைக் கற்பிக்கத் தொடங்கும் விரிவுரையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்வியியற் கல்லூரிகளில், வெவ்வேறு இன, மத, மொழிப் பின்னணி மாணவர்களுக்குச் சமமாகக் கற்பிப்பதை ஆராயும் பல்கலாசாரக் கல்வியின் அடிப்படைகளைக் கற்பிக்க வரும் இளம் விரிவுரையாளர்களின் செயலமர்வுகளில் நான் வளவாளராக இருந்து வருகிறேன். தொடக்க காலத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைப் பின்வரிசையில் இருந்து பார்த்ததால் இதை எழுதுகிறேன். நேர ஒதுக்கீடு, கரும்பலகைப் பயன்பாடு போன்ற சில்லறைத் தவறுகள் ஓரிரு தவணைகளில் தாமாகவே திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு மாணவரைச் சமூகத்தின் பேச்சாளர் ஆக்குவது

அண்மையில் ஒரு மாதிரி வகுப்பில், ஓர் ஆசிரிய மாணவியின் முகவரி தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டன் என்று இருந்ததைக் கண்ட விரிவுரையாளர், "தோட்டத்து மக்களின் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று அவரை எழுப்பினார். தாம் பட்டினத்தில் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர் என்றும் தோட்டத் தொழிலாளரின் லயன் வீட்டில் வசித்ததில்லை என்றும் அவர் தாழ்ந்த குரலில் கூறியும், "தெரிந்ததைச் சொல்லுங்கள்" என்றார் விரிவுரையாளர். பேனா மூடியைத் திருகியபடி அம்மாணவி இரண்டு வாக்கியங்கள் சொன்னார். மற்ற அனைவரும் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் குறிப்பேடுகளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. விரிவுரையாளர் படித்துத் தயாரித்து வந்திருக்க வேண்டிய பாடத்தை ஒரு மாணவியின் தலையில் ஏற்றியதோடு, அவர் தயங்கிச் சொன்னதை ஒரு சமூகத்தின் வரலாறாகவும் ஆக்கிவிட்டோம். நானும் முன்பு ஒரு முஸ்லிம் மாணவரிடம் இப்படித்தான் கேட்டேன். அத்தவணை முடியும்வரை அவர் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

அன்று வகுப்புக்குக் கொண்டுவந்திருக்க வேண்டியவை வேறு: இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் இணங்கிய 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம். இவற்றை வாசித்த பின்னரே, தோட்டப் பாடசாலைகள் ஏன் பின்தங்கின என்ற கேள்வியை ஆசிரிய மாணவர்கள் சரியாகக் கேட்கத் தொடங்குகிறார்கள்.

அனுபவமும் தேவைதான், ஆனால் அதை எல்லோரிடமும் கேளுங்கள். தாம் படித்த பாடசாலையின் மொழிமூலம் எது, அவ்வகுப்பறையில் யார் இருக்கவில்லை என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதட்டும். விரும்பியவர் மட்டும் வாசிக்கட்டும். தமிழ்மொழிமூலத்தில் படித்த பலர், ஒரு சிங்கள மாணவருடன் ஒரே வாங்கில் அமர்ந்ததே இல்லை என்பதை இதை எழுதும்போதுதான் உணர்கிறார்கள்.

பண்டிகையோடு பாடத்தை முடிப்பது

பொங்கலும் வெசாக் வெளிச்சக் கூடுகளும் பாடத்தின் வாசல் மட்டுமே. பல்கலாசாரக் கல்விக்கு அமெரிக்கக் கல்வியியலாளர் ஜேம்ஸ் பாங்ஸ் வகுத்த ஐந்து பரிமாணங்களில், இப்படிப் பல பண்பாடுகளின் செய்திகளைப் பாடத்தில் சேர்க்கும் உள்ளடக்கச் சேர்ப்பு ஒன்றுதான். அறிவு கட்டமைக்கப்படும் முறை, தப்பெண்ணக் குறைப்பு, சமத்துவக் கற்பித்தல், வலுவூட்டும் பாடசாலைப் பண்பாடு ஆகிய நான்கும் மீதம் இருக்கின்றன.

நடுநிலை என்று சொல்லி மௌனம் காப்பது

தமிழருக்கு எதிரான வன்முறை நிகழ்ந்த 1983 ஜூலையையும், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட 1990 ஒக்டோபரையும் பெயர் சொல்லியே கற்பியுங்கள்.

கட்டுறுபயில்வை மறப்பது

மூன்றாம் ஆண்டில் ஆசிரிய மாணவர்கள் கட்டுறுபயில்வுக்காக, அதாவது கற்பித்துப் பழகும் பயிற்சிக்காக, பாடசாலைக்குப் போய்விடுவார்கள். ஒப்படைகளை அதற்கேற்ப முதல் தவணையிலேயே அமையுங்கள்.