வாடகை வீட்டில் எலி: புதிதாக வந்தவர்கள் முதல் நாளே செய்ய வேண்டியவை

புது நாட்டில் வீடு எடுத்து, பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள்ளேயே இரவில் சுவருக்குள் ஏதோ சுரண்டுகிற சத்தம் கேட்டால், பலருக்கும் முதலில் வருவது கூச்சம். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கவலை. கூடவே, வீட்டுக்காரரிடம் சொன்னால் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். அதனால் யாரிடமும் மூச்சு விடாமல், கடையில் கண்ணில் பட்ட மருந்தை வாங்கி மூலையில் வைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த வாரங்கள்தான் எலிகள் பெருகுகிற காலம். ஒரு பெண் சுண்டெலி மூன்று வாரம் சினையாக இருந்து ஐந்தாறு குட்டி போடும். அந்தக் குட்டிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தாமே இனம் பெருக்கத் தயாராகிவிடும். ஆகவே கூச்சத்தை விட்டுவிட்டு, சத்தம் கேட்ட மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

எலி வந்ததற்கு நீங்கள் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. செங்கல்லும் கான்கிரீட்டும் வைத்துக் கட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு குடியேறிய நாட்டில் உள்ள பல வீடுகளின் அமைப்பே புதிது. மரச்சட்டம் நிறுத்தி இரு பக்கமும் பலகை அறைந்த சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும். தண்ணீர்க் குழாய், சூடேற்றும் குழாய், மின்கம்பி எல்லாம் அதற்குள்தான் ஓடுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த வெற்றிடமும் குழாய்ப் பாதைகளும் மாடி விட்டு மாடி, வீடு விட்டு வீடு போகும். பக்கத்து வீட்டிலோ கீழேயுள்ள கடையிலோ இருக்கும் எலி உங்கள் அடுப்படிக்கு வர வெளியே இறங்கவே தேவையில்லை. குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் தொடங்கியதும் சுண்டெலிகள் சூடு தேடி உள்ளே வரும். எவ்வளவு துடைத்து வைத்த வீடானாலும் அப்போது வரும்.

முதலில் வந்திருப்பது எது என்று பாருங்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரி, அடுப்பின் பின்புறம், ஃபிரிட்ஜின் பின்புறம், தண்ணீர்க் கொதிகலன் இருக்கும் அறை என்று வரிசையாகத் தேடுங்கள். புழுக்கை கறுத்த அரிசிமணி அளவில், நுனி கூராக, சுமார் 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளத்தில் சிதறிக் கிடந்தால் சுண்டெலி. ஒன்றரை சென்டிமீட்டர் வரை நீளமாக, தடிமனாகக் கிடந்தால் பெரிய எலி. ஒரு சுண்டெலியே நாளுக்கு ஐம்பதுக்கு மேல் புழுக்கை போடும் என்பதால், நிறையக் கிடப்பதைப் பார்த்துக் கூட்டமே வந்துவிட்டதாகக் கலங்க வேண்டாம். சுவரோரம் எண்ணெய்ப் பிசுக்கு போன்ற கரும் தீற்றல் இருந்தால் அது அவை தினமும் உடம்பை உரசிக்கொண்டு ஓடும் பாதை. எந்த வழியாகப் போகிறது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், சந்தேகப்படும் ஓட்டையில் செய்தித்தாளைக் கசக்கி லேசாகச் செருகி வையுங்கள். காலையில் அது வெளியே தள்ளப்பட்டோ கடிபட்டோ கிடந்தால் வழி அதுதான்.

இரண்டையும் பிரித்தறிவது ஏன் முக்கியம் என்றால், இரண்டின் சுபாவமும் வேறு. சுண்டெலிக்கு எதையும் போய் முகர்ந்து பார்க்கும் ஆர்வம் அதிகம். புதிதாக வைத்த பொறியில் அன்றிரவே விழக்கூடும். கூட்டிலிருந்து சில மீட்டருக்குள்ளேயே அதன் உலகம் முடிந்துவிடும். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் பல நாள் ஒதுங்கிப் போகும். சாக்கடைக் குழாய் வழியாகவும் தோட்டத்து வளையிலிருந்தும் வரும். பெரிய எலி என்றால் நீங்களே சமாளிக்கப் பார்க்காமல் தொழில்முறை ஆட்களைக் கூப்பிடச் சொல்வதே நல்லது என்பது என் கருத்து. உடைந்த கழிவுக் குழாயைக் கண்டுபிடிப்பது குடியிருப்பவரின் கையில் இல்லை.

வீட்டுக்காரரிடம் எழுத்தில் சொல்லுங்கள்

போனில் சொன்னதோடு விடாதீர்கள். மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ, தேதியோடு பதிவாக இருக்க வேண்டும். நீளமாக எழுத வேண்டியதில்லை: "இன்ன தேதி காலை சமையலறை சிங்க்குக்குக் கீழே எலிப் புழுக்கை பார்த்தேன். குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் இடைவெளி இருக்கிறது. படங்கள் இணைத்திருக்கிறேன். ஆள் எப்போது வருவார் என்று தெரிவியுங்கள்." அவ்வளவுதான். படம் எடுக்கும்போது புழுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்தால் அளவு புரியும். மொழி தயக்கமாக இருந்தால் தெரிந்தவர் ஒருவரை வைத்து எழுதி வாங்குங்கள், ஆனால் உங்கள் பெயரிலேயே அனுப்புங்கள்.

பல நாடுகளில், கட்டடத்தில் உள்ள ஓட்டையால் எலி வந்தால் அதைச் சரிசெய்வது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. குடியிருப்பவர் குப்பையைச் சேர்த்து வைத்ததால் வந்தது என்றால் செலவு உங்கள் தலையில் விழலாம். உங்கள் ஒப்பந்தத்தில் பூச்சி, எலி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே எடுத்துப் படியுங்கள். பதிலே வராவிட்டால் மீண்டும் எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவையோ வாடகைதாரர் சங்கத்தையோ அணுகலாம். ஒன்று மட்டும் கவனம்: கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். பல இடங்களில் அதுவே உங்களை வெளியேற்றச் சட்டப்படி காரணமாகிவிடும்.

அடுக்குமாடியில் இருந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். அவர்கள் வீட்டிலும் இருக்கும், அவர்களும் வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு வீட்டில் மட்டும் மருந்து வைத்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். மூன்று நான்கு வீட்டிலிருந்து ஒரே வாரத்தில் புகார் போனால் நிர்வாகத்தால் தட்டிக்கழிக்க முடியாது.

ஓட்டையை அடைப்பதுதான் பெரிய வேலை

எத்தனை எலியைப் பிடித்தாலும் வழி திறந்திருந்தால் வேறு எலி வரும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பென்சில் நுழைகிற துளையில் சுண்டெலி நுழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்க்குக்குக் கீழே குனிந்து, குழாய் சுவருக்குள் மறையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரில் துளை போட்டவர் குழாயைவிடப் பெரிதாகப் போட்டிருப்பார். மேலே ஒரு பிளாஸ்டிக் வளையம் அதை மறைத்துக்கொண்டிருக்கும். அந்த வளையத்தை நகர்த்தினால் பின்னால் இரண்டு விரல் போகும் அளவு இருட்டு தெரியும். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் வழி இந்த இடத்தில்தான் இருந்தது. அடுத்தது அடுப்புக்குப் பின்னால் எரிவாயுக் குழாய் வரும் துளை. அதற்கு அடுத்தது சூடேற்றும் குழாய் தரையைத் துளைத்து மேலே வரும் இடம்.

அடைக்க ஸ்டீல் வூல் (பஞ்சு போன்ற நுண்ணிய இரும்பு இழை) வாங்குங்கள். துருப்பிடிக்காத வகையோ செம்புக் கம்பி வலையோ கிடைத்தால் இன்னும் நல்லது. சாதாரண ஸ்டீல் வூல் ஈரம் பட்டால் நாளடைவில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். அதை இறுக்கமாகத் திணித்து, மேலே சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை) பூசி மூடுங்கள். ஊதிப் பெருகும் நுரையை மட்டும் அடித்துவிட்டுப் போவதில் பயனில்லை. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் அது கொறித்துக்கொண்டே இருக்கும். நுரையைச் சுலபமாகக் குடைந்துவிடும். கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் கீழ்விளிம்பில் தடுப்புப் பட்டை பொருத்தச் சொல்லுங்கள்.

இரண்டு இடங்களில் கை வைக்கக் கூடாது. மின் இணைப்புப் பெட்டிக்குள்ளோ திறந்த கம்பிக்கு அருகிலோ ஸ்டீல் வூல் போகக் கூடாது, அது மின்சாரம் கடத்தும். எரிவாயு அடுப்பு, கொதிகலன் இவற்றுக்கான காற்றோட்டத் துவாரத்தை அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு உள்ளே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அங்கே தடுப்பு தேவையென்றால் அதை வீட்டுக்காரர் அனுப்பும் ஆளே போடட்டும்.

இதோடு தீனியையும் எடுத்துவிடுங்கள். மொத்தமாக வாங்கிய தானியமும் மாவும் பையோடு தரையில் இருக்கக் கூடாது. மூடி இறுகும் கண்ணாடி அல்லது தகர டப்பாவுக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் பையின் அடிமூலையில் சின்னதாகப் பொடிப்பொடியாகக் கடிபட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். கடிபட்டிருந்தால் அந்தப் பொருளைத் தூக்கிப் போடுங்கள். குடியேறியபோது வந்த அட்டைப்பெட்டிகளைப் பலர் மாதக்கணக்கில் அடுக்கியே வைத்திருப்பார்கள். அட்டையைக் கிழித்துக் கூடு கட்டுவது சுண்டெலிக்குப் பிடித்த வேலை. தோட்டம் இருந்தால் பறவைக்குப் போடும் தானியம் எலிக்கும் போகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பொறியும் மருந்தும்

பழைய மரப்பலகை ஸ்பிரிங் பொறியே போதும். சரியாக வைத்தால் உடனே கொல்லும். சுவருக்குச் செங்குத்தாக, தீனி வைக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும். சுண்டெலிக்கு என்றால் இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்று வீதம் பல பொறிகளை ஒரே நேரத்தில் வையுங்கள். ஒரே ஒரு பொறியை நம்பி இருப்பதுதான் அதிகம் பேர் தோற்கும் இடம். பாலாடைக்கட்டியைவிட வேர்க்கடலை வெண்ணெய் நல்ல தீனி. பட்டாணி அளவு போதும், நிறைய வைத்தால் பொறி தட்டாமலே தின்றுவிடும். குழந்தையோ வளர்ப்புப் பிராணியோ இருந்தால் மூடிய பெட்டிக்குள் இருக்கும் பொறியை வாங்குங்கள்.

ஒட்டும் பசை அட்டை வேண்டாம். எலி சாகாமல் மணிக்கணக்கில் துடிக்கும், பயத்தில் மூத்திரம் விட்டுக் கிருமியையும் பரப்பும். இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல் உரிமம் இல்லாமல் அதைப் பயன்படுத்துவதே குற்றம். மின்சாரப் பிளக்கில் செருகும் ஒலிக் கருவிக்கும் காசைச் செலவழிக்காதீர்கள். அந்த ஒலி சுவரைத் தாண்டாது, எலியும் சீக்கிரம் பழகிக்கொள்ளும்.

விஷ மருந்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான எலி மருந்து இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை. தின்ற எலி சாகப் பல நாள் ஆகும், அதற்குள் சுவருக்குள் போய்ப் படுத்துவிடும். அப்புறம் வாரக்கணக்கில் நாற்றம், சுவரை உடைக்காமல் எடுக்கவும் முடியாது. அந்த எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் விஷம் போகும். குழந்தை அதை வாயில் வைத்துவிட்டால், நன்றாக இருப்பது போல் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், மருந்தின் உறையையும் எடுத்துப் போங்கள்.

ஊரிலிருந்து எலி விஷமோ தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையோ எக்காரணம் கொண்டும் எடுத்துவராதீர்கள், யாரையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு வெளியேறும். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் அமரில்லோ நகரில், வீட்டுக்கு அடியில் போட்டிருந்த இந்த மருந்தின் மீது தண்ணீர் பட்டு வாயு உள்ளே பரவியதில் ஒரே குடும்பத்தின் நான்கு குழந்தைகள் இறந்தார்கள். மூடிய சன்னல்களோடு உள்ள வீட்டில் இந்த மருந்துக்கு இடமே இல்லை.

சுத்தம் செய்யும்போது

புழுக்கையைக் கண்டதும் துடைப்பம் எடுத்துப் பெருக்காதீர்கள், வாக்யூமும் போடாதீர்கள். காய்ந்த புழுக்கையும் மூத்திரமும் தூசியாகப் பறந்து மூச்சில் போகும். சில நாடுகளில் ஹன்டா வைரஸ் அப்படித்தான் பரவுகிறது. எலிக்காய்ச்சல், வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி போன்றவையும் எலிக் கழிவால் வருபவை. சன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விடுங்கள். ரப்பர் கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் காகிதத் துண்டால் துடைத்தெடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிளீச்சோடு வேறு எந்தத் துப்புரவு திரவத்தையும் கலக்கக் கூடாது. செத்த எலியையும் இதே முறையில் எடுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம், சுண்டெலி வழியே வரும் ஒரு வைரஸ் வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது.

எலி விழுவது நின்றதும் பொறிகளை எடுத்துவிடாதீர்கள். இன்னும் இரண்டு வாரம் அதே இடத்தில் இருக்கட்டும். எல்லாப் புழுக்கையையும் துடைத்துவிட்ட பிறகு சிங்க்குக்குக் கீழே வெள்ளைக் காகிதம் ஒன்றை விரித்து வைத்தால், புதிதாக ஒன்று விழுந்தாலும் உடனே தெரியும். இரண்டு வாரமும் காகிதம் சுத்தமாக இருந்தால் வீட்டுக்காரருக்கு அதையும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த குளிர்காலத்தில் மறுபடியும் வந்தால் பழைய கடிதங்களோடு சேர்த்துக் காட்ட அந்தத் தேதி உதவும்.