பழைய மெட்டல் பேட்டி கேசட்டுகள்: நான் செய்து தொலைத்த தவறுகள்

பிளாக் சப்பாத் பாடகர் ஓசி ஆஸ்பர்ன் 2025 ஜூலை 22 அன்று காலமானார். அடுத்த சில வாரங்களில் எனக்கு வந்த அழைப்புகளை எண்ணிப் பார்த்தால், இந்தச் சிங்கப்பூரில் பாதிப் பேர் சாமான் அறையில் வீடியோ கேசட்டைப் பதுக்கி வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகம் வந்தது. எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். “அங்கிள், அப்பாவோட டேப் ஒரு பெட்டி நிறைய இருக்கு. எல்லாம் ராக்காரங்க பேட்டி. எப்படிப் பார்க்கிறது?”

யீஷூனிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் மைலோ அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தம்பி ருத்ரா சட்டை போட்டிருந்தான். 1992-இல் தொடங்கி, சமஸ்கிருத மந்திரங்களை டெத் மெட்டலில் உறுமும் நம்மூர்க் குழு. சரி, நல்ல பிள்ளைகள் என்று உள்ளே விட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் நான் பல வருடங்களில் செய்த தவறுகளில் மூன்றை வரிசை மாறாமல் செய்து காட்டினார்கள்.

நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைப்பது, கேசட்டின் மேல் எழுதி வைப்பது, மேலே வேறெதுவும் பதிவாகாமலிருக்க அந்தச் சின்னத் துண்டை உடைத்துவிடுவது, இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எந்த யூடியூப் வீடியோவிலும் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் இந்தப் பெட்டிகள் மற்ற ஊர்ப் பெட்டிகள் மாதிரி இருக்காது. 1972-இல் முடி நீளமாக இருக்கிறது என்று லெட் செப்பலினை நாட்டுக்குள்ளேயே விடாத ஊர் இது. வீட்டில் சாட்டிலைட் டிஷ் வைக்க அனுமதி கிடையாது. மெட்டல்காரர்கள் உள்ளூர்த் தொலைக்காட்சியில் தலைகாட்டுவதே அபூர்வம். அதனால் ஆண்டெனாவைத் திருப்பி மலேசிய ஒளிவழியில் பிடித்தது கொஞ்சம், ஸ்டார் டிவி வந்த பிறகு சென்னையில் அத்தை மகன் கேபிளில் பதிந்து அனுப்பியது கொஞ்சம், அமெரிக்கப் பேனா நண்பர் எம்டிவியில் சனிக்கிழமை நள்ளிரவு பிடித்து அஞ்சலில் போட்டது கொஞ்சம். ஒரே பெட்டிக்குள் மூன்று நாடு இருக்கும். பாதித் தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

பூஞ்சையைப் பார்த்தும் “கொஞ்சம்தானே” என்பது

கேசட்டின் கண்ணாடி வழியாகச் சுருளைப் பாருங்கள். கறுப்பு நாடாவின் விளிம்பில் வெள்ளையாக மாவு தூவியது போல் இருந்தால் அது தூசி இல்லை. நம்மூரில் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். காற்றோட்டமில்லாத சாமான் அறையில் இருபது வருடம் கிடந்த கேசட்டில் பூஞ்சை பிடிக்கவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

அண்ணன்காரர் அப்படி ஒன்றை எடுத்து என் நல்ல வீடியோ டெக்கிற்குள் தள்ளப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் சுத்தமான கேசட்டுக்கும் தொற்றும். முதலில் கேமராக்காரர்கள் வைத்திருக்கிற உலர்பெட்டியில், 40 விழுக்காடு ஈரப்பதத்தில், சில வாரம் போட்டு வையுங்கள். பூஞ்சை காய்ந்து அடங்கும். அப்புறம் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே நடைபாதையில் வைத்துத் துடைக்கலாம். முதல் ஓட்டத்துக்கென்று ஒரு பலிகடா டெக் வைத்திருங்கள். நல்ல டெக்கைப் பலி கொடுக்காதீர்கள். விஎச்எஸ் டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. கெட்டுப்போனால் வேறொரு கிழட்டு டெக்கைத்தான் தேட வேண்டும்.

பாலும் என்டிஎஸ்சியும்

இது குடிக்கிற பால் இல்லை, தொலைக்காட்சிப் படத்தை அனுப்பும் முறை. அந்தக் காலத்தில் சிங்கப்பூர், மலேசியா, இந்தியா மூன்றும் பால் முறை: 625 கோடு, விநாடிக்கு 50 அரைப்படம் (ஒரு கோடு விட்டு ஒரு கோடாக வரும் பாதிப் படம்). அமெரிக்கா என்டிஎஸ்சி: 525 கோடு, கிட்டத்தட்ட 60 அரைப்படம். நம் வீடுகளில் இருந்த மல்டிசிஸ்டம் டெக் இரண்டையும் ஓட்டும் என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்க கேசட்டைப் போட்டால் பல டெக்குகள் இரண்டுக்கும் நடுவில் ஒரு கலவையைத் துப்பும். தொலைக்காட்சிப் பெட்டி அதை விழுங்கிக்கொள்ளும். கணினியில் செருகும் பதிவுக் கருவி விழுங்காது. படம் கறுப்பு வெள்ளையாகும், இல்லையென்றால் உருளும்.

“பழைய காலம் அங்கிள், அதான் பிளாக் அண்ட் வைட்” என்றான் தம்பி. 1989-இலா? எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நானும் ஒரு காலத்தில் ஆறு கேசட்டை அப்படியே கறுப்பு வெள்ளையில் மாற்றி முடித்தவன்தான். டெக்கில் என்டிஎஸ்சி 3.58 என்று ஒரு தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். கணினியிலும் என்டிஎஸ்சி என்று சொல்லிவிடுங்கள். வண்ணம் வந்துவிடும்.

மாற்றியாச்சே என்று கேசட்டைத் தூக்கிப் போடுவது

இதை எழுதும்போது இன்னும் எரிச்சல் வருகிறது.

2007-இல் ஒன்பது கேசட்டை ஒரு கடையில் கொடுத்தேன். கேசட்டுக்கு 15 வெள்ளி. இரண்டு வாரத்தில் இரண்டே டிவிடி வந்தது. ஒன்பது கேசட் எப்படி இரண்டு டிவிடிக்குள் போயிற்று என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முதல் ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன், படம் வந்தது, சத்தம் வந்தது. வீட்டில் இடம் இல்லை. எங்கள் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குப்பைக் குழாய் சமையலறைக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்பதாவது மாடியிலிருந்து ஒன்பது கேசட்டும் சுவரில் மோதி மோதி இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்போது அது சந்தோஷமான சத்தமாக வேறு இருந்தது.

ஏழு வருடம் கழித்து, அதிலிருந்த ஒரு பேட்டியை ஒரு நண்பர் தன் கேசட்டிலிருந்து ஒழுங்காக மாற்றிக் காட்டினார். அப்போதுதான் எனக்கு என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்று தெரிந்தது.

முதலில் படம். ஒரு டிவிடிக்குள் 6 மணி நேரத்தை அடைக்கும் முறையில் பதிந்திருந்தார்கள். அந்த முறையில் பல ரெக்கார்டர்கள், 625-இல் படமாகத் தெரியும் 576 கோட்டை 288 ஆக்கிவிடும். அதாவது விநாடிக்கு 50 அரைப்படத்தில் பாதியைக் குப்பையில் போட்டுவிடும். பேசும் முகத்துக்குப் பரவாயில்லை. பேட்டிக்கு நடுவில் காட்டும் மேடைக் காட்சியில் தலையைச் சுழற்றும் ஆளின் முடி விட்டு விட்டுத் தாவியது.

அடுத்தது சத்தம். எங்கள் அப்பா வாங்கியது ஹைஃபை டெக். ஹைஃபை கேசட்டில் ஒலி இரண்டு இடத்தில் இருக்கும். சுழலும் ஹெட் படத்தோடு சேர்த்து எழுதுவது ஒன்று. நாடாவின் ஓரத்தில் நூல் மாதிரி ஓடுவது இன்னொன்று. ஓரத்து ஒலி போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். கடைக்காரரின் டெக் சாதாரண மோனோ, அதற்கு ஓரத்து ஒலி மட்டும்தான் கேட்கும். ஏற்கெனவே பாதி வார்த்தையை விழுங்கிப் பேசும் பாடகர். அதற்கு மேல் ஒரு போர்வை. ஒரு வாக்கியம்கூடப் புரியவில்லை. தெளிவான ஒலி என் கேசட்டில் இருந்தது. நான்தான் குழாயில் போட்டேன்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. கடைக்காரர் உதவி செய்வதாக நினைத்து விளம்பரம், புள்ளி புள்ளியாக ஓடும் வெற்று இடம், பேட்டிக்குப் பின்னால் இருந்த “மற்றது” எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். அந்த மற்றது என்ன தெரியுமா? எட்டாம் ஒளிவழியில் வந்த ஒரு தமிழ் நாடகத்தை அம்மா பதிந்து வைத்திருந்த கேசட் அது. பதினேழு வயதில் அவரிடம் கேட்காமல் அதன் மேலேயே நான் பேட்டியைப் பதிந்தேன். பேட்டி முடிந்ததும் நாடகத்தின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அழியாமல் தங்கியிருந்தது. அம்மா பல வருடம் அந்தக் கடைசிக் காட்சிக்காகவே அந்தக் கேசட்டைப் போடுவார், என் பேட்டியை வேகமாக ஓட்டிவிட்டு.

“அந்த நாடகத்தோட கடைசி இருக்குல்ல தம்பி?” என்று டிவிடி வந்த அன்றைக்கே கேட்டார். இருக்கும்மா என்றேன். பார்க்காமலே சொன்னேன்.

கடையைக் குறை சொல்லிப் பயனில்லை, நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். முழுக் கேசட்டையும், முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை, எதையும் வெட்டாமல் பதியுங்கள். அரைப்படங்களை ஒட்டவைக்காமல் அப்படியே விடுங்கள். எஃப்எஃப்வி1 மாதிரி இழப்பில்லாத முறையில் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 ஜிகாபைட் ஆகும். வன்தட்டு இன்றைக்கு மலிவு, யோசிக்காதீர்கள். டெக் ஹைஃபைதானா என்று காதால் கேட்டு உறுதி செய்யுங்கள். முடிந்த பிறகு முழுவதையும் உட்கார்ந்து பாருங்கள், ஐந்து நிமிடம் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு நகல் எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் கேசட்டை வைத்திருங்கள். இடமில்லையா, என்னிடம் கொண்டுவந்து கொடுங்கள்.

முதல் 10 விநாடி

ரீவைண்ட் முடிந்ததும் முதலில் பதிவை ஆரம்பியுங்கள். அப்புறம் டெக்கை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் தொடக்கம் பதிவாகாமல் போய்விடும். அவ்வளவுதான்.

லேபிளை நம்புவது

அண்ணன் தம்பியின் பெட்டியில் “அயர்ன் மெய்டன் 87” என்று ஒரு கேசட். அப்பாவின் கையெழுத்து. சோபாவில் கிதார் கலைஞர் ஜானிக் கெர்ஸ் உட்கார்ந்திருக்கிறார். அவர் குழுவில் சேர்ந்ததே 1990-இல். 87-இல் வேறு எதையோ பதிந்து, பிறகு அதன் மேல் இதைப் பதிந்து, லேபிளை மாற்ற மறந்திருப்பார். நம் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான்.

யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் நம்பகமான நாட்காட்டி. மெட்டாலிக்கா பேட்டியில் ஜேசன் நியூஸ்டெட் இருந்தால், அது 1986 செப்டம்பர் 27-இல் அவருக்கு முன் பாஸ் கிதார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் சுவீடனில் பேருந்து விபத்தில் இறந்ததற்குப் பின், 2001 ஜனவரியில் நியூஸ்டெட் விலகியதற்கு முன். ஜூடாஸ் பிரீஸ்டில் ராப் ஹால்ஃபோர்ட் 1992-இல் போய் 2003-இல் திரும்பினார். மெய்டனில் புரூஸ் டிக்கின்சன் 1993-இல் போய் 1999-இல் வந்தார். நடுவில் வேறு ஆள் பாடகராக இருந்தால் காலம் குறுகிவிடும்.

அதோடு விளம்பரத்தையும் நிலையச் சின்னத்தையும் பாருங்கள். சிங்கப்பூர் ஒளிபரப்பு நிறுவனமான எஸ்பிசி 1994 அக்டோபரில் டிசிஎஸ் ஆனது. சின்னம் எதுவென்று பார்த்தாலே பதிந்தது அதற்கு முன்னா பின்னா என்று தெரியும். பேட்டி எடுத்த நாள் வேறு, ஒளிபரப்பிய நாள் வேறு என்பதையும் மறக்காதீர்கள், மறுஒளிபரப்பு நிறைய உண்டு. விளம்பரத்தை வெட்டிவிட்டால் இந்தத் தடயமும் போச்சு. மறுபடியும் அந்தக் கடைக்காரர் நினைவுக்கு வருகிறார்.

கேள்வி கேட்டவர் எதிரில்தான் இருந்தார் என்று நினைப்பது

1993-இல் ஜெராக்ஸ் எடுத்து நண்பர்களுக்குள் விநியோகித்த எங்கள் சிற்றிதழில், தொகுப்பாளர் ஒருவர் கேட்ட கேள்வியை நான் வானளாவப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதினேன். அடுத்த மாதம் சென்னையிலிருந்து கேசட் வந்தது. அதே கிதார் கலைஞர், அதே நாற்காலி, அதே பதில், அதே மூக்கைச் சொறிதல். கேள்வி கேட்டவர் மட்டும் வேறொரு பெண்.

இசைத்தட்டு நிறுவனங்கள் அந்தக் காலத்தில் பதில்களை மட்டும் பதிந்து விளம்பரத் தொகுப்பாக நிலையங்களுக்கு அனுப்பும். நிலையத்தில் சொந்த ஆளை உட்காரவைத்துக் கேள்வி கேட்கவைத்து நடுவில் ஒட்டுவார்கள். இருவரும் ஒரே சட்டகத்தில் ஒருமுறையாவது வருகிறார்களா, பின்னணி ஒத்துப்போகிறதா, கேள்வியிலும் பதிலிலும் அறையின் ஒலி ஒன்றா என்று பாருங்கள். உண்மையாகவே எதிரெதிரே உட்கார்ந்த பேட்டியில்கூட, தொகுப்பாளர் தலையாட்டும் காட்சியைப் பின்னால் தனியாக எடுத்துச் செருகுவது வழக்கம். “அதைச் சொன்னதும் தொகுப்பாளர் முகம் மாறியது பாருங்கள்” என்று எழுதாதீர்கள். அவர் முகம் வெறும் கேமராவைப் பார்த்து மாறியிருக்கும்.

ஏஐ போட்டுப் பளபளப்பாக்குவது

நகலில் செய்யுங்கள். மோட்டார்ஹெட் பாடகர் லெமியின் மரு மறைந்தால் அது லெமி இல்லை.

படத்தின் அடியில் நெளியும் கோடு

பழுதில்லை. ஹெட் மாறும் இடம். விடுங்கள்.

தானியங்கி எழுத்துப்பெயர்ப்பை அப்படியே ஏற்பது

தம்பி தன் கைபேசியில் ஓசி பேட்டியை ஓட்டி, தானாக வந்த வரிகளைப் படித்துக் காட்டினான். பிர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதிப் பேச்சு எந்த மென்பொருளுக்கும் பிடிபடுவதில்லை. பாதி வரி சமையல் குறிப்பு மாதிரி இருந்தது. ஹெட்ஃபோனைக் கொடுத்து, நான்கு விநாடி நான்கு விநாடியாகத் திருப்பித் திருப்பிக் கேட்கச் சொன்னேன். ஓரத்து ஒலியில் ஒருமுறை, ஹைஃபை ஒலியில் ஒருமுறை. சில சொல் ஓரத்து ஒலியில்தான் பிடிபடும், ஹைஃபை தடம் கரகரக்கும் இடங்களில்.

ஒன்றரை மணி நேரத்தில் பதினொரு வரி தேறியது. அண்ணன்காரர் அதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டார். அந்தப் பூஞ்சைக் கேசட் மட்டும் என் உலர்பெட்டியில் இருக்கிறது. அதன் லேபிளில் ஒன்றும் எழுதவில்லை.