அலென்தேஜு கடலோரத்தில் கிராவல் சைக்கிள்: கடலை விட்டுக் கொஞ்சம் தள்ளியே ஓட்டுங்கள்

போர்ச்சுகலின் தென்மேற்கில், அலென்தேஜு பகுதியின் சீனிஷ் துறைமுகத்துக்குக் கீழே தொடங்கி சாவு விசென்ட் முனை வரைக்கும் அட்லாண்டிக் கரையில் பெரிய நகரம் ஒன்றுகூடக் கிடையாது. 1995 முதல் இது இயற்கைப் பூங்கா. நாட்டின் தென்கோடிப் பகுதியான அல்கார்வின் தென்கரையை அடைத்துக்கொண்டிருக்கும் அடுக்குமாடி ஹோட்டல்கள் இந்தப் பக்கம் அவ்வளவாக வராததற்கு அதுவும் ஒரு காரணம். செங்குத்தான பாறைக்கரை, ஆறுகள் கடலில் சேருமிடத்தில் மணல்வெளி, உள்ளே தள்ளி கார்க் மரத் தோப்புகளும் மண் தடங்களும். ரேஸ் சைக்கிள் போல வளைந்த ஹேண்டில்பாரும் மண்பாதைக்கு ஏற்ற அகல டயரும் கொண்டது கிராவல் சைக்கிள். அதை வைத்திருப்பவர்கள் இந்தக் கரையின் படங்களைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு கோடு போட்டுவிடுகிறார்கள்: தெற்கே போகும்போது வலப்பக்கம் முழுக்கக் கடல், இடப்பக்கம் வயல், நடுவில் நாம்.

அந்தக் கோட்டை அழித்துவிட்டுத் திட்டம் போடுங்கள். இங்கே நடக்கும் தவறுகளில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ரோட்டா விசென்டினா என்ற பாதை அமைப்பில் நீளமான தடங்கள் இரண்டு. ஒன்று மீனவர் தடம். தூண்டில்காரர்கள் பாறை விளிம்புக்குப் போய்வந்த ஒற்றையடிப் பாதைகளைக் கோத்து உண்டாக்கியது. சாவு டோர்பெஷ் கடற்கரையிலிருந்து தென்கரையிலுள்ள லாகுஷ் ஊர் வரை 220 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. இது நடப்பவர்களுக்கு மட்டும்; சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மற்றொன்று வரலாற்றுத் தடம். சாந்தியாகு து காசெய்ம் ஊரில் தொடங்கி செர்கால், ஒடெமிரா, ஒடசெய்ஷ், அல்ஜசூர் வழியாகத் தென்மேற்கு முனைக்கு வருகிறது. சுமார் 260 கிலோமீட்டர். பெரும்பாலும் பழைய கிராமத்து வண்டித் தடங்கள்தான் என்பதால் இதில் சைக்கிள் போகலாம்.

இவ்வளவு தெரிந்தும் மீனவர் தடத்தில் சைக்கிளோடு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. செயலிகள் செய்யும் வேலை அது. ஆயிரக்கணக்கானோர் நடந்த தடம் வரைபடத்தில் தடித்த கோடாக ஒளிரும். வழி போடும் மென்பொருள் அதையே சைக்கிள்காரருக்கும் நீட்டிவிடும். போய்ப் பார்த்தால் கணுக்கால் புதையும் மணல். ஒரு மணி நேரம் தள்ளினாலும் ஐந்து கிலோமீட்டர் நகராது. தடையை மீறினோம் என்ற உறுத்தல் வருமுன்பே தோள்வலி வந்துவிடும். ஆனால் தடைக்குக் காரணம் நம் தோள் இல்லை. பாறைக்கரையின் மேலே உள்ள பழைய மணல்மேடுகளில், உலகில் வேறெங்கும் இல்லாத செடிகள் சில வேர்பிடித்து நிற்கின்றன. டயர் ஓடிய பள்ளத்தில் மழைநீர் இறங்கினால் மணலும் போகும், செடியும் போகும். பாறை விளிம்பும் பல இடங்களில் இறுகிய மணல்தான். பாரம் ஏறினால் உதிரும்.

வழியில் தீட்டியிருக்கும் தடக்குறிகளின் வண்ணங்களை மட்டும் மனத்தில் வைத்தால் போதும். பச்சையும் நீலமும் மீனவர் தடம், கண்டால் திரும்புங்கள். சிவப்பும் வெள்ளையும் வரலாற்றுத் தடம். அவை இரண்டும் பெருக்கல் குறிபோலக் குறுக்கே தீட்டியிருந்தால் தவறான வழி. கார்க் மரத் தண்டில் பெரிதாக எழுதியிருக்கும் வெள்ளை எண்ணைத் தடக்குறியாக எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். மரத்தின் பட்டையை உரித்த ஆண்டின் கடைசி இலக்கம் அது. அடுத்த உரிப்பு ஒன்பது ஆண்டு கழித்துத்தான் என்பதால் தோப்புக்காரர் தன் கணக்குக்கு எழுதிவைப்பது.

அப்படியானால் கடலைப் பார்ப்பதே இல்லையா? பார்க்கலாம், கிளை பிரிந்து போய்ப் பார்க்க வேண்டும். சர்தாவ் முனைக் கலங்கரை விளக்கத்துக்குத் தார்ச்சாலையே போகிறது. சைக்கிளை அங்கே நிறுத்திவிட்டு நடந்தால், அலையடிக்கும் பாறைத் தூண்களின் உச்சியில் வெள்ளை நாரைகள் கூடு கட்டியிருப்பதை வசந்தத்தில் பார்க்கலாம். மற்ற ஊர்களில் மரத்திலும் கோபுரத்திலும் கட்டும் பறவை, கடற்பாறையில் கட்டுவது இங்கேதான். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்காமல் கிலோமீட்டர் கணக்கு பார்த்து ஓடுவதை நான் தவறுகளின் பட்டியலில் உயரத்திலேயே வைப்பேன்.

காற்றுக்கு எதிரே

தென்கரையிலுள்ள ஃபாரோ நகருக்கு விமானம் மலிவாகக் கிடைக்கிறது என்று அங்கே இறங்கி, சாவு விசென்ட் முனைக்குப் பக்கத்து ஊரான சாகிரெஷிலிருந்து வடக்கே கிளம்புவது இன்னொரு பிழை. கோடையில் இந்தக் கரையில் நோர்தாடா என்ற வடகாற்று வீசும். அசோர்ஸ் தீவுகள் பக்கம் உயர் அழுத்தம் நிலைகொள்ள, ஸ்பெயின், போர்ச்சுகல் நிலப்பரப்பு வெயிலில் காய்ந்து அழுத்தம் குறைய, இரண்டுக்கும் இடையே கரையோரமாகக் காற்று தெற்கே பாய்கிறது. காலையில் பனிமூட்டமும் அமைதியுமாக இருக்கும். நண்பகலுக்கு மேல் வேகம் பிடித்து மாலை வரை விடாது. பை கட்டிய சைக்கிளில் அதை எதிர்த்துப் போனால் சமதளமும் ஏற்றமாகிவிடும்.

வடக்கிலிருந்து தெற்கே வாருங்கள். லிஸ்பனிலிருந்து செதூபலுக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து சாது ஆற்றின் முகத்துவாரத்தைக் கடந்து ட்ரோயாவுக்குப் படகு போகிறது, சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். எந்தத் திசையானாலும் விடிந்ததும் கிளம்பி, காற்று எழும் நேரத்துக்குள் அன்றைய தூரத்தின் பெரும்பகுதியை முடித்துவிடுவது நல்லது.

கடலோரம் என்றால் மட்டமாக இருக்கும் என்ற கணக்கும் இங்கே உதைக்கும். மேலே மேட்டுநிலம் தட்டையாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வோர் ஓடையும் ஆறும் அதை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. ஒடசெய்ஷில் இறங்கி ஏற வேண்டும், அல்ஜசூரிலும் அப்படியே, கராபடெய்ராவிலும் அப்படியே. பெரிய மலை எதுவும் இல்லை. நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருக்கும். அதுவும் உதிரிக் கல்லில், சரிவு கூடிய இடங்களில். முன்பக்கம் 40 பல் என்றால் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் குறைந்தது 42 பல் இருக்கட்டும். தார்ச்சாலை சைக்கிளின் கியரையே மாட்டிக்கொண்டு வந்தால் முழங்கால்தான் விலை கொடுக்கும்.

டயரும் மணலும் களிமண்ணும்

38 மில்லிமீட்டர் டயரைக் கல்போல நிரப்பிக்கொண்டு வருவது பழைய பழக்கம். இங்கே 45 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயரே என் தேர்வு. 70 கிலோ ஆளும் பைகளும் சேர்ந்தால் 30 பிஎஸ்ஐ காற்றழுத்தத்துக்குப் பக்கத்தில் தொடங்கி, தடத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். காற்று குறைந்தால் டயர் தரையில் பரவி நிற்கும், மணலில் புதைவது குறையும். ஆட்டோ டயரிலேயே அளவுமானி வைத்துப் பார்க்கிறோம். கையால் அமுக்கிப் பார்த்து ‘சரியா இருக்கு’ என்று முடிவு செய்வது இங்கே வேண்டாம்.

உள்நாட்டுத் தடத்திலும் மணல் திட்டுகள் திடீரென்று வரும். அப்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள். திட்டு வருமுன்பே லேசான கியருக்கு மாறி, உடல் எடையைப் பின்னால் தள்ளி, மிதிப்பதை நிறுத்தாமல் நேராகப் போங்கள். முன்சக்கரம் கொஞ்சம் அலையும், அலையட்டும்.

குளிர்கால மழைக்குப் பின் சிக்கல் வேறு. செர்கால், ஒடெமிரா பக்கத்துக் களிமண் டயரில் சுற்றிக்கொண்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கை அடைத்துவிடும். ஃபிரேமுக்குள் மயிரிழை இடைவெளியில் பொருந்தும் அகல டயரைப் போட்டவர்கள் குச்சியால் சுரண்டியபடி நடப்பார்கள். ஓடைகளும் பெருகியிருக்கும், அடி தெரியாத நீரில் இறங்கக் கூடாது. மார்ச் கடைசி முதல் மே வரை, அல்லது செப்டம்பர் பின்பாதியும் அக்டோபரும் வருவதே வசதி.

ஈர மணலில் கடலோரமாக ஓட்டிப் படம் எடுக்கும் ஆசைக்கும் விலை உண்டு. உப்புநீர் செயினிலும் பேரிங்கிலும் ஏறும். நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினால் போதும். பீய்ச்சியடிக்கும் குழாயை அச்சுப் பக்கம் காட்டினால் உப்பை நாமே உள்ளே தள்ளுகிறோம். புழுதிக் காலத்தில் செயினுக்கு எண்ணெயைவிட மெழுகு நல்லது. எண்ணெய் மணலைப் பிடித்துவைத்து உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

தண்ணீர், சாப்பாடு, தீ

வரைபடத்தில் ஊர் என்று புள்ளி இருந்தால் கடை இருக்கும் என்று நம்பக்கூடாது. இரண்டு வீடும் நாயும் மட்டும் இருக்கலாம். வெயில் காலத்தில் 3 லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். ஊர் நடுவே குழாய் இருந்தாலும் பலகையைப் பாருங்கள்: ‘ஆகுவா நாவ் கன்ட்ரோலாடா’ என்றால் அந்த நீரைப் பரிசோதிப்பதில்லை என்று பொருள், குடிப்பதற்கு வேண்டாம். மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்கு மேல் தேடினால் பல உணவகங்களில் அடுப்பு அணைந்திருக்கும். ஒடெமிரா பக்கத்து ஊரான சாவு தியோடோனியோ இதில் ஓர் ஆறுதல். சுற்றிலும் பசுமைக்குடில்களில் வேலை செய்ய நேபாளம், இந்தியா, வங்கதேசத்திலிருந்து வந்தவர்கள் அங்கே நிறைய. அவர்களுக்கான மளிகைக் கடைகளில் பருப்பும் மசாலாவும் கிடைக்கும்.

தீயை விளையாட்டாக எடுக்கவே கூடாது. 2023 ஆகஸ்டில் ஒடெமிரா பகுதியில் பற்றிய தீ அல்ஜசூர், மோன்ஷிக் வரை பரவி 8,000 ஹெக்டேருக்கு மேல் எரித்தது. ஊர் ஊராக மக்களை வெளியேற்றினார்கள். தீ அபாயம் உச்சத்தில் உள்ள நாட்களில் காட்டுத் தடங்களில் நுழையவே தடை வரும். யூகலிப்டஸ் தோப்புக்குள் அடுப்பு மூட்டி காபி போடும் எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். புகை தெரிந்தால் 112. பூங்காவுக்குள் கண்ட இடத்தில் கூடாரம் அடிப்பதும் குற்றம். மில்ஃபோன்டிஷ், ஸம்புஜெய்ரா, சாகிரெஷ் ஊர்களில் முகாம் இடங்கள் இருக்கின்றன.

இலையுதிர்காலத்தில் வந்தால் வியாழன், ஞாயிறு, விடுமுறை நாட்களில் வேட்டைக்காரர்கள் இறங்குவார்கள். அன்று பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பண்ணை நாய்கள் துரத்தினால் வேகம் கூட்டுவது வீண். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் குரைத்துவிட்டுப் போய்விடும்.

கடைசியாக, திரும்பும் வழி. சாகிரெஷுக்கு ரயில் கிடையாது. முனையைத் தொட்ட களிப்பில் இருட்டும் வரை உட்கார்ந்துவிட்டு, பிறகு லாரியோடு லாரியாக நெடுஞ்சாலையில் லாகுஷுக்கு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். சாகிரெஷிலேயே தங்கிவிட்டு, காலையில் அல்கார்வ் கடலோர சைக்கிள் வழியில் போனால் முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். லாகுஷிலிருந்து ஃபாரோ பக்கம் போகும் வட்டார ரயிலில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. லிஸ்பனுக்குப் போகும் தொலைதூர ரயிலில் சைக்கிள் இடம் கொஞ்சம்தான். உங்கள் டிக்கெட்டோடு அதையும் சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள்.